பின்னுவதற்கு முன் பிரிக்கப் பழகுங்கள்: குரோஷே கற்போருக்கு

கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷே வேலையைப் பழகத் தொடங்கும் பலர் முதல் மேசை விரிப்பைப் பாதியிலேயே மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். தவறு எந்த வரிசையில் நேர்ந்தது என்று அவர்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரிவதில்லை. தெரிந்த பின்னும் பின்னியதைப் பிரிக்க மனம் வருவதில்லை. குமரி-கேரள எல்லையில், களியக்காவிளைக்கு இப்புறமும் பாறசாலைக்கு அப்புறமுமாக, நேரியது என்னும் மேல்துணியின் ஓரத்துக்கும் ஆலயப் பீட விரிப்பின் தொங்கலுக்கும் கையால் லேஸ் பின்னிச் சேர்க்க விரும்பும் நம் வீட்டுப் பெண்களுக்காகவும் ஆண்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இப்பகுதிக்கு லேஸ் புதிதன்று. நாகர்கோவில் திருவிதாங்கூரில் இருந்த 1820களிலேயே, லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். திண்டின் மேல் ஊசிகளைக் குத்தி, பல கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றோடொன்று முறுக்கிச் செய்யும் அந்த லேஸில் பிழையைத் திருத்துவது பெரும்பாடு. குரோஷேயில் இருப்பதோ ஒரே நூல். எந்த நேரத்திலும் கொக்கி ஊசியில் உயிரோடு நிற்பது பெரும்பாலும் ஒரே கண்ணிதான் என்பதால், நூலை இழுத்துப் பிரித்து, வேண்டிய இடத்தில் ஊசியை நுழைத்துவிட்டால் மற்றக் கண்ணிகள் அவிழாமல் நிற்கும். இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்தவருக்கே வேலை படியும்.

கடையில் பார்த்தவுடன் மெல்லிய வெள்ளை நூலைத்தான் கை எடுக்கும். அதைச் சில மாதங்களுக்குத் தள்ளி வையுங்கள். வெளிர் நிறத்தில் தடித்த பருத்தி நூலும் 4 மில்லிமீட்டர் ஊசியும் வாங்கிப் பழகினால் ஒவ்வொரு கண்ணியும் கண்ணுக்குத் தெரியும். அதன் பிறகு 20ஆம் எண் நூலுக்கும், 1.25 அல்லது 1.5 மில்லிமீட்டர் எஃகு ஊசிக்கும் வரலாம். நூலின் எண் கூடக்கூட நூல் மெலியும். ஒரு விரிப்புக்கு வேண்டிய உருண்டைகளை ஒரே தடவையில், சீட்டில் உள்ள லாட் எண் (ஒரே தொகுதியில் தயாரானதைக் காட்டும் எண்) ஒன்றாக இருக்கும்படி வாங்குங்கள். வேறு லாட் என்றால் வெள்ளையிலும் நிறம் மாறும்.

வேலையின் தொடக்கமாகப் பின்னும் அடிச் சங்கிலியை இறுக்கிப் பின்னுவது அனேகமாக எல்லோருக்கும் நேர்வது. மேலே வேலை வளர வளர அடி ஓரம் மட்டும் குறுகி வளைந்து நிற்கும். சங்கிலிக்கு மட்டும் ஓர் அளவு பெரிய ஊசியை எடுத்துக்கொண்டால் இது தீர்ந்துவிடும்.

அதிகம் பாடுபடுத்துவது வரிசையின் ஓரங்கள். ஊசியில் ஒரு முறை நூலைச் சுற்றிப் பின்னும் உயரமான கண்ணியான டபுள் குரோஷேயில் வரிசை திரும்பும்போது போடும் மூன்று சங்கிலிகள், பொதுவாக, புதிய வரிசையின் முதல் கண்ணியாகக் கணக்கில் வரும். ஆகவே அவற்றின் அடியில் உள்ள கண்ணியில் மறுபடியும் ஊசியை நுழைக்கக் கூடாது; நுழைத்தால் ஒரு கண்ணி கூடும். அவ்வாறே வரிசையின் முடிவில், முந்தைய வரிசையின் மூன்று சங்கிலிகளுக்கு உச்சியில் ஒரு கண்ணி பின்ன வேண்டும். அதை விட்டுவிட்டால் ஒன்று குறையும். சதுரமாக வரவேண்டிய துணி மேலே போகப்போகக் கூம்புவதற்குப் பெரும்பாலும் இந்த விடுபட்ட கண்ணியே காரணம். அந்த உச்சிச் சங்கிலியில் வேறு நிற நூல்துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு வரிசையும் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். எண்ணச் சில நிமிடங்கள்தான் ஆகும். எண்ணாமல் விட்டால் ஒரு மாலை நேர வேலையையே அவிழ்க்க வேண்டி வரலாம்.

வட்ட விரிப்பில் கணக்கு வேறு. டபுள் குரோஷேயில் முதல் சுற்றுக்கு 12, அடுத்ததற்கு 24, அதற்கடுத்து 36 என்று சுற்றுக்குப் பன்னிரண்டாகக் கூட்டினால் வட்டம் தட்டையாகப் படியும். கூட்டுவது குறைந்தால் கிண்ணம்போல் குவியும், மிஞ்சினால் ஓரம் அலையலையாகச் சுருங்கும். கஞ்சி போட்டு நீட்டினால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். ஓரளவுக்கு மேல் ஆகாது. நான் இங்கு சொல்வது அமெரிக்க முறை. பிரிட்டிஷ் பின்னல் வரைவுகளில் (பின்னும் முறையைச் சொல்லும் குறிப்புகளில்) இதே கண்ணிக்கு டிரெபிள் என்று பெயர் என்பதால், வரைவு எந்த முறையில் எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள்.

எதைப் பிரிக்க வேண்டும், எதை விடலாம்? ஒரு கண்ணி சற்றே தளர்ந்திருந்தால் விட்டுவிடலாம். எண்ணிக்கை பிசகியிருந்தால், எத்தனை வரிசை கடந்திருந்தாலும் பிரிப்பதே என் தீர்ப்பு, ஏனெனில் அந்தப் பிசகு அதன்மேல் வரும் ஒவ்வொரு வரிசையையும் கோணலாக்கும். கை சோர்ந்த இரவில் பிரிக்காமல், மறுநாள் காலை வெளிச்சத்தில் பிரியுங்கள். பிரித்த நூல் சுருண்டிருக்கும்; கழியாகச் சுற்றி, நனைத்து, நிழலில் தொங்கவிட்டால் நேராகிவிடும்.

முடிந்த வேலையைத் துவைத்து, கெட்டித் துணியின் மேல் விரித்து, துருப்பிடிக்காத குண்டூசிகளால் அளவுக்கு இழுத்துக் குத்தி உலர்த்த வேண்டும். இடவப்பாதி (தென்மேற்கு) மழையும் துலா (வடகிழக்கு) மழையும் என இரண்டு பருவமழையும் பெய்யும் நம் ஊரில் நூல் எளிதில் காயாது; ஈரத்தில் சாதாரண ஊசி ஒரே இரவில் துருக்கறை விடும், அந்தக் கறையை நீக்குவது மிகக் கடினம். விறைப்பு வேண்டுமென்றால் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) மாவில் நீர்த்த கஞ்சி காய்ச்சி, வடிகட்டிப் போடுங்கள். எடுத்து வைக்கும் விரிப்பில் கஞ்சி இருந்தால் பூச்சி அரிக்கும் என்பதால், அலசி, நன்கு காயவைத்த பிறகே பெட்டிக்குள் வையுங்கள்.