பழைய பேட்டரி, ஈயச் சொம்பு, தகர வாளி: நாம் செய்யும் தவறுகள்

2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது சோமனூர், பல்லடம் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. நாமக்கல், சங்ககிரியில் ஓடும் லாரிகளைச் சொல்லவே வேண்டாம். அத்தனைக்கும் பேட்டரி வேண்டும். அதன் எடையில் பாதிக்கு மேல் காரீயம், அதாவது லெட்தான். அதனால்தான் செத்துப்போன பேட்டரிக்கும் நல்ல விலை கிடைக்கிறது. தவறுகள் தொடங்குவதும் அந்த விலையில்தான்.

நான் அடிக்கடி பார்ப்பது, ஆசிட்டைக் கொட்டிவிட்டு பேட்டரியை எடைக்குப் போடுவது. தூக்க லேசாக இருக்கும் என்று சாக்கடையிலோ மரத்தடியிலோ சாய்த்துவிடுகிறார்கள். அது வெறும் ஆசிட் இல்லை. தகடுகளிலிருந்து உதிர்ந்த காரீயச் சேறும் கூடவே வந்து மண்ணில் தங்கிவிடும். காரீயம் மக்காது. அந்த மண்ணில்தான் குழந்தை விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கிறது. வாய்வழி போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளர்ச்சியே கெடும். இதற்குள் இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மூடியைத் திறக்காமல், நிமிர்த்தி வைத்தபடியே, புது பேட்டரி வாங்கும் கடையில் கொடுங்கள். விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. முறையான ஆலையில் ஆசிட்டையும் பிளாஸ்டிக்கையும் தனியாகப் பிரித்து, புகையை வடிகட்டித்தான் உருக்குவார்கள். எத்தனை முறை உருக்கிச் சுத்தம் செய்தாலும் காரீயத்தின் தரம் குறையாது. உலகில் இன்று உற்பத்தியாகும் காரீயத்தில் பாதிக்கு மேல் இப்படித் திரும்பி வந்ததுதான்.

காரீயத்தை வீட்டில் உருக்குவது இன்னும் மோசம். 327 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் விறகடுப்பே போதும். மீன் வலைக்குக் குண்டு வார்க்க வேண்டும் என்று சமையல் சட்டியில் உருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புகையும் தூசியும் சுவரிலும் துணியிலும் படிந்து வீட்டிலேயே இருக்கும். பேட்டரி பட்டறையில் வேலை செய்கிறவர்கள் உடுப்பை மாற்றிவிட்டு வீட்டுக்குள் போங்கள். அதைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் வேண்டாம்.

இன்னொன்று, பேட்டரிக்குப் போர்த் தண்ணீர் ஊற்றுவது. நம்ம பக்கத்து உப்புத் தண்ணீர் கொஞ்ச நாளிலேயே தகடுகளைக் கெடுத்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள்.

சரி, ரசம் வைக்கும் ஈயச் சொம்புக்கு வருவோம். அது வெள்ளீயம் (டின்), வேறு உலோகம். இரண்டையும் நாம் ஈயம் என்றே சொல்வதால் சொம்பும் காரீயம்தானோ என்ற குழப்பம் வருகிறது. ஆனால் காரீயம் மலிவு என்பதால் அதைக் கலந்து விற்பதும் நடக்கிறது. புளி பட்டால் காரீயம் கரைந்து ரசத்தில் இறங்கும். வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். பென்சில் போலக் கோடு விழுந்தால் அந்தச் சொம்பு வேண்டாம். கோடு விழவில்லை என்பதற்காகக் கலப்பே இல்லை என்றும் ஆகிவிடாது. நம்பிக்கையான கடையில் வாங்குவதுதான் நல்லது.

அடுத்து துத்தநாகம் (ஜிங்க்). அது காரீயம் போல விஷம் இல்லை. உடம்புக்கும் பயிருக்கும் கொஞ்சம் வேண்டியதே. தகர வாளியில் மினுமினுக்கும் பூச்சு அதுதான், இரும்பு துருப்பிடிக்காமல் காப்பது. ஆனால் புளிப்பு பட்டால் கரையும். மாரியம்மன் நோன்பிக்கு நீர்மோர்ப் பந்தல் போடும்போது மோரையோ பானகத்தையோ அந்த வாளியில் மணிக்கணக்கில் வைக்காதீர்கள். குடித்தவர்களுக்கு வாந்தியும் வயிற்றுவலியும் வரும். எவர்சில்வர் அண்டா போதும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை வெல்டிங் செய்கிறவர்கள், ஒட்டும் இடத்தில் பூச்சை முதலில் தேய்த்தெடுங்கள். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வந்துவிடும்.

முலாம் பூசும் ஆலைகளில் மிஞ்சும் துத்தநாகச் சாம்பலிலிருந்து ஜிங்க் சல்பேட் தயாராகிறது. பவானி, காலிங்கராயன் பாசனத்தில் நெல் போடுகிறவர்களுக்குத் தெரிந்த உரம். இதை டி.ஏ.பி. உரத்தோடு கலந்து போடாதீர்கள். அதிலுள்ள மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) துத்தநாகமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் பயிருக்குக் கிடைக்காது. ஏக்கருக்கு 10 கிலோவை 20 கிலோ மணலோடு கலந்து, நடவுக்குச் சற்று முன்னால் தனியாகத் தூவிவிடுங்கள்.