ஒலிப்புத்தகம் இரவல் வாங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

"எனக்கு முழுசாகப் பார்வை போகவில்லையே, எனக்கெல்லாம் தரமாட்டார்கள்." பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இலவசமாக ஒலிப்புத்தகம் இரவல் தரும் நூலகங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் பலரும் சொல்வது இதுதான். யாரும் மறுக்கும் முன்பே தாமாக ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆகப் பெரிய தவறு இது.

அச்சை வாசிக்க முடியாதவர்களுக்கு ஏற்ற வடிவில் நூல்கள் கிடைக்க வழிசெய்யும் சர்வதேச உடன்படிக்கை, 2013இல் உருவான மராக்கேஷ் ஒப்பந்தம். அதில் இலங்கை 2016இல் சேர்ந்தது. கண் அறவே தெரியாதவர்கள் மட்டும் அதன் பயனாளிகள் அல்லர். கண்ணாடி போட்டும் சாதாரண அச்சை வாசிக்க முடியாதவர்கள், டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புக் குறைபாடு உள்ளவர்கள், புத்தகத்தைக் கையில் பிடிக்கவோ பக்கம் புரட்டவோ முடியாதவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். சீனி வருத்தத்தால் விழித்திரை பழுதான கிண்ணியா உம்மா, பாரிசவாதத்துக்குப் பிறகு கை வராத உப்புவெளி அப்பா, போரில் கைகளை இழந்த மூதூர்க்காரர், எழுத்துக்கூட்டத் திணறும் பள்ளிப் பிள்ளை: இவர்கள் எல்லோரும் கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

அடுத்தது நம் ஊரில் நல்ல மனதோடு நடக்கும் தவறு. லண்டனில் இருக்கும் சித்தப்பாவோ கனடாவில் இருக்கும் மாமியோ தங்கள் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்பிவிடுவார்கள். பிரித்தானியாவில் பார்வையற்றோருக்கான அமைப்பான ஆர்.என்.ஐ.பி. 1935இலிருந்து பேசும் புத்தகங்களை இரவல் கொடுக்கிறது. அமெரிக்காவில் பார்வையற்றோருக்கான தேசிய நூலக சேவை 1931இல் வந்த சட்டத்தில் பிறந்தது. கனடாவில் சீலா என்ற நூலக சேவை இருக்கிறது. ஆனால் இவை அந்தந்த நாட்டவருக்காக நடத்தப்படுபவை, கணக்கும் தனி ஆளுக்கு உரியது. அச்சை வாசிக்க முடியாதவர்களுக்கான இணைய நூலகமான புக்‌ஷெயரில் இறக்கும் கோப்பில் இறக்கியவரின் அடையாளம் பதிந்தே வரும். கணக்கு முடக்கப்பட்டால் அங்கே உண்மையாகவே பார்வை குறைந்த அந்த மாமியும் புத்தகம் இல்லாமல் நிற்பார். நேர்வழி இருக்கும்போது இது தேவையில்லை. மராக்கேஷ் ஒப்பந்தத்தின் பயனே, அனுமதி பெற்ற ஓர் அமைப்பு இன்னொரு நாட்டுக்குப் புத்தகத்தை அனுப்பலாம் என்பதுதான். உள்நாட்டில் டெய்சி லங்கா என்ற அமைப்பு இந்தத் துறையில் இயங்குகிறது. முதலில் அங்கே விசாரியுங்கள். புக்‌ஷெயரில் நேரடியாகச் சேர்வதென்றால் கட்டணமும் கிடைக்கும் நூல்களும் நாட்டுக்கு நாடு மாறும். பத்து லட்சத்துக்கு மேல் நூல்கள் என்ற கணக்கைப் பார்த்து எல்லாமே நமக்குத் திறக்கும் என்று நினைக்க வேண்டாம்.

விண்ணப்பத்தில் இரண்டு விஷயங்கள் காலை வாரும். ஒன்று பெயர். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால், கிளினிக் கொப்பியில் வெறும் முதலெழுத்து, வைத்தியரின் கடிதத்தில் வேறொரு எழுத்துக்கூட்டல் என்று இருந்தால் இழுபடும். கடிதம் வாங்கும்போதே அடையாள அட்டையைக் காட்டி, அதில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். "பார்வைக் குறைவு" என்று மட்டும் எழுதினால் போதாது. அச்சை வாசிக்க முடியாது என்பதும் அதில் இருக்கட்டும். மற்றது மின்னஞ்சல். டவுன் கொமியுனிகேஷன் கடையில் படிவம் நிரப்பும்போது அவசரத்துக்குக் கடைக்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டால், பிறகு கடவுச்சொல்லை மாற்றவும் அவர் தயவு வேண்டும். வாசகரின் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறப்பதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும்.

சரி, கணக்கு கிடைத்தாயிற்று. புத்தகத்தை இறக்கினால் மனிதக் குரல் இல்லை! ஏமாற்றப்பட்டதாக நினைத்துப் பலர் அன்றே விட்டுவிடுகிறார்கள். புக்‌ஷெயர் நூல்களில் பெரும்பாலானவை எழுத்துக் கோப்புகள். அவற்றைப் போனின் செயற்கைக் குரல்தான் வாசிக்கும். தமிழ்க் குரலைப் போனின் செட்டிங்ஸுக்குள் போய் முன்கூட்டியே இறக்கி வையுங்கள், வேகத்தைக் குறைத்துச் சில நாள் கேளுங்கள், காது பழகிவிடும். டெய்சி என்பது அத்தியாயம் அத்தியாயமாகத் தாவிக் கேட்கும்படி அமைந்த நூல் வடிவம். அந்த வடிவ நூலைப் பாட்டுக் கேட்கும் செயலியில் திறக்கக் கூடாது. அத்தியாயங்கள் முன்பின்னாகும், விட்ட இடமும் தொலையும். ஈஸிரீடர் என்ற இலவசச் செயலி இதற்கென்றே இருக்கிறது.

டேட்டா பற்றி ஒரு வரி: சாதாரணத் தரத்தில் பதிவான குரல் மணிக்குச் சுமார் 30 எம்.பி. பிடிக்கும், எழுத்துக் கோப்புக்கு அதில் சிறு பங்குதான்.

தமிழ் நூல் தேடுபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது பிடிஎஃபில். 2005இலிருந்து ஈழத்து நூல்களைச் இணையத்தில் சேர்த்துவரும் 'நூலகம்' என்ற திட்டம் நமக்குப் பெரும் சொத்து. ஆனால் அங்குள்ளவற்றில் பெரும்பகுதி பக்கங்களைப் படம்பிடித்த கோப்புகள். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும் செயலியான திரைவாசிப்பான் அதன்முன் ஊமையாகிவிடும். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறும். பிழைகள் இருக்கும், கதை புரியும். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் நூல்கள் படமாக இல்லாமல் யூனிகோட் எழுத்தாகவே இருப்பதால் இந்தச் சிரமம் இல்லை. சங்கப் பாடல்களிலிருந்து பல நூல்களை நேரே வாசிக்க வைக்கலாம்.

கடைசியாக ஒன்றை வீட்டாரிடம் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அம்மம்மாவுக்கு என்றதும் தேவாரத்தையும் பிரசங்கத்தையும் மட்டும் நிரப்பிக் கொடுக்காதீர்கள். அவர் வாழ்நாளெல்லாம் துப்பறியும் கதை படித்தவராக இருக்கலாம். கேளுங்கள். அப்புறம், எல்லாவற்றையும் நீங்களே அமைத்துவிட்டு, பேரன் பள்ளியால் வந்தால்தான் புத்தகம் ஓடும் என்ற நிலையில் அவரை விடாதீர்கள். அநேக ஆண்ட்ரொயிட் போன்களில் ஒலிப் பொத்தான்கள் இரண்டையும் மூன்று விநாடி சேர்த்து அழுத்தினால் டோக்பேக் என்ற திரைவாசிப்பான் பேசத் தொடங்கும்; முதன்முறை மட்டும் திரையில் சம்மதம் கேட்கலாம். முதலில் அதைப் பழக்குங்கள். இரண்டாவது புத்தகத்தை அவரே தேடி எடுக்கட்டும்.