பழமையான ஊருக்குப் போகிறீர்களா? ஒரு ராத்திரி தங்குங்கள்

பாரம்பரியச் சின்னம் உள்ள ஊருக்குக் காலையில் போய், நாலு போட்டோ எடுத்துக்கொண்டு சாயங்காலமே வண்டி ஏறிவிடுகிறோம். அந்த ஊருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் நெரிசலும் குப்பையும்தான். பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் வெனிஸ் 2024-ல் நுழைவுக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது சும்மா இல்லை. முடிந்தால் ஒரு ராத்திரியாவது உள்ளூர்க்காரர் நடத்தும் விடுதியில் தங்குங்கள். பயணிகளுக்கென்றே முழு வீட்டை வாடகைக்கு விடும் இடங்கள் வேண்டாம். அவை பெருகினால் ஊர்க்காரர்களுக்கே வீடு கிடைக்காது.

சுவர் ஓவியத்தை 'லேசாகத் தொட்டுப் பார்க்கிறேன்' என்பவர்களுக்கு: விரலிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே நிறத்தின் மேல் படியும். தொடாமல் நின்றாலும் மூச்சுக்காற்றே போதும். ஆதிமனிதர் வரைந்த ஓவியங்கள் உள்ள பிரான்சின் லாஸ்கோ குகையை 1948-ல் மக்களுக்குத் திறந்தார்கள். கூட்டத்தின் மூச்சிலிருந்து வந்த ஈரமும் கரியமில வாயுவும் ஓவியங்களைக் கெடுத்து, சுவரில் பாசி படர்ந்தது. 1963-ல் மூடிவிட்டார்கள். 1983 முதல் பக்கத்திலேயே நகல் குகை இருக்கிறது. நகல்தானே என்று முகம் சுளிக்காதீர்கள், அங்கே நிதானமாக நின்று பார்க்கலாம்.

'இங்கே ஏறாதீர்கள்' என்று அந்த மண்ணின் மக்கள் சொன்னால், சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையில் ஏறவேண்டாமென்று அனங்கு மக்கள் பல வருஷம் கேட்டுக்கொண்டும், தடை வந்தது 2019 அக்டோபரில்தான்.

வழிகாட்டி தேவையென்றால் அந்த ஊர் ஆளாகப் பாருங்கள். படம் எடுக்கும் முன் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.