மைக்ரோ டீச்சிங்கை குரூப்பா சேர்ந்து பண்றது எப்படி?

மைக்ரோ டீச்சிங்னா, கூடப் படிக்கிறவங்களையே மாணவரா உக்கார வச்சு, சில நிமிஷத்துக்கு ஒரு குட்டிப் பாடம் எடுத்துப் பழகுறது. பி.எட். சேர்ந்த புதுசுல மைக்ரோ டீச்சிங்னாலே ரெக்கார்ட் எழுதுற வேலைன்னுதான் நெனச்சேன், சீனியர் நோட்ட வாங்கி அப்படியே காப்பி அடிச்சு கையெழுத்தும் வாங்கியாச்சு, அப்புறம் ஸ்கூல்ல எட்டாம் கிளாஸ் பசங்க முன்னாடி நின்னப்பதான் கை நடுங்குச்சு. நீங்க அப்படி மாட்டிக்காதீங்க.

ஸ்டெப் 1: அஞ்சாறு பேர் சேருங்க. எல்லாரும் ஒரே மேஜரா இருக்க வேணாம். மேத்ஸ் காரங்க நடுவுல தமிழ் மேஜர் ஒருத்தர் உக்காந்தா "இது எனக்குப் புரியல"ன்னு உண்மையாவே சொல்வாங்க, நடிக்கத் தேவையில்ல.

ஸ்டெப் 2: ஒரு தடவைக்கு ஒரே ஒரு திறன். 1963ல அமெரிக்காவோட ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில இத ஆரம்பிச்சப்பவே சின்ன கிளாஸ், கொஞ்ச நேரம், ஒரு திறன்ங்கிறதுதான் விஷயம். இன்னிக்கு கேள்வி கேக்குறதுன்னா அது மட்டும்தான், போர்டுல எழுத்து கோணலா போனாலும் விட்டுருங்க.

ஸ்டெப் 3: டைம். நம்ம ஊர்ல பாடம் 6 நிமிஷம், ஃபீட்பேக் 6, திரும்ப பிளான் பண்ண 12, மறுபடி பாடம் 6, ஃபீட்பேக் 6, ஆக 36 நிமிஷம். ஒரே நாள்ல ஆறு பேரும் பண்ணணும்னா மூணரை மணி நேரத்துக்கு மேல ஆயிடும், ஒரு நாளைக்கு ரெண்டு பேர் போதும்.

ஸ்டெப் 4: இங்கதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க. "நல்லா இருந்துச்சுப்பா, வாய்ஸ் மட்டும் கொஞ்சம் சத்தமா"ன்னு சொல்றது ஃபீட்பேக்கே இல்ல. எண்ணுங்க. ஒருத்தர் எத்தனை கேள்வின்னு கோடு போடட்டும், இன்னொருத்தர் கேள்வி முடிஞ்சதுலேர்ந்து எத்தனை செகண்ட் காத்திருந்தாங்கன்னு போன்ல பாக்கட்டும். எங்க குரூப்ல ஒரு அக்கா "ஒளிச்சேர்க்கைக்கு என்னென்ன தேவை?"ன்னு கேட்டுட்டு, நாங்க வாயத் தொறக்குறதுக்குள்ள "சூரிய ஒளி, தண்ணி..."ன்னு அவங்களே சொல்லிட்டாங்க, ஸ்டாப்வாட்ச்ல ஒரு செகண்ட்! காட்டினா நம்பவே இல்ல. பெரும்பாலான டீச்சர்ஸ் அப்படித்தான்னு அமெரிக்க கல்வி ஆராய்ச்சியாளர் மேரி பட் ரோ 1970கள்லயே ஆராய்ச்சி பண்ணி சொல்லிட்டாங்க, மூணு செகண்ட் பொறுத்தா பசங்க பதில் நீளமா வருதாம்.

ஸ்டெப் 5: திரும்ப பிளான் பண்ற அந்த 12 நிமிஷத்துல பாடம் எடுத்தவர தனியா விட்றாதீங்க. எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு கேள்விய மாத்தி எழுதுங்க. அந்த அக்காவுக்கு நாங்க "செடிய இருட்டு ரூம்ல வச்சா என்ன ஆகும்?"னு மாத்திக் குடுத்தோம், கேட்டதும் மனசுக்குள்ள மூணு எண்ணச் சொன்னோம்.

மறுபடி எடுக்கும்போது அதே ஆளுங்கள மாணவரா உக்கார வைக்காதீங்க, பதில் தெரிஞ்சு போயிருக்கும். பக்கத்து குரூப்லேர்ந்து நாலு பேர கூட்டிட்டு வாங்க, பதிலுக்கு அவங்களுக்கு நீங்க போய் உக்காருங்க.