நான்சியின் ஸ்டானிஸ்லாஸ் சதுக்கம்: போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

பாரிஸில் லா ஷப்பல் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் வந்து தங்குகிறவர்கள் ஐஃபிள் கோபுரம், லூவ்ர், வெர்சாய் எல்லாம் முடித்த பிறகு கையில் ஒரு நாள் மிச்சம் வைத்திருப்பார்கள். அப்போது யாராவது "நான்சிக்குப் போய்ட்டு வாங்களேன்" என்பார்கள். நல்ல யோசனைதான். லா ஷப்பலிலிருந்து நடந்தே போகக்கூடிய கார் த லெஸ்ட் நிலையத்தில் டிஜிவி என்ற அதிவேக ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் நான்சி, அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் ஸ்டானிஸ்லாஸ் சதுக்கம். 1983-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம். 2021-ல் பிரெஞ்சுக்காரர்கள் தங்களுக்குப் பிடித்த நினைவுச்சின்னமாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்ததும் இதைத்தான். ஊர்க்காரர்கள் செல்லமாக 'பிளாஸ் ஸ்டான்' என்பார்கள்.

ஆனால் போகிறவர்களில் பாதிப்பேர் என்ன செய்கிறார்கள் என்றால், நடுவில் இருக்கிற சிலையடியில் நின்று ஒரு படம், தங்க முலாம் பூசிய இரும்புக் கிராதி முன்னால் நாலு படம், வெளி மேசையில் உட்கார்ந்து ஒரு காபி, அவ்வளவுதான், வந்த வழியே நிலையத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு இந்த ஊரில் இல்லை. இந்தச் சதுக்கம் கடந்து போவதற்காகக் கட்டியது. ஒரு பக்கம் இடைக்காலத்துப் பழைய நகரம், இன்னொரு பக்கம் 1588-ல் மூன்றாம் ஷார்ல் கோமகன் தொடங்கிய புதிய நகரம், இரண்டுக்கும் நடுவே கோட்டைச் சுவரும் கொத்தளமும் வெற்றுத் தரையுமாகக் கிடந்தது. அந்த வெற்றுத் தரையில்தான் எமானுவேல் எரே என்ற கட்டடக்கலைஞர் 1752-லிருந்து 1755-க்குள் இதைக் கட்டி முடித்தார். இரண்டு ஊரையும் தைத்து இணைத்தது மாதிரி. தையலை மட்டும் பார்த்துவிட்டுத் துணியைப் பார்க்காமல் திரும்பினால் என்ன அர்த்தம்?

சதுக்கத்தின் நடுவில் நின்று சுற்றிப் பாருங்கள். தெற்கே நகரமன்றம், கிழக்கே ஓபராவும் ஒரு பெரிய ஹோட்டலும், மேற்கே நுண்கலை அருங்காட்சியகம், இவை எல்லாம் உயரமாக, ஒரே சாயலில் நிற்கும். வடக்குப் பக்கம் மட்டும் கட்டடங்கள் குட்டையாக இருக்கும். பணம் தீர்ந்துபோய் நிறுத்திவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும், அப்படி விளக்கம் சொல்கிற ஆட்களும் உண்டு. உண்மையான காரணம் பீரங்கி. வடக்கே கோட்டைச் சுவர் அப்போது இருந்தது. இரு பக்கத்துக் கொத்தளங்களிலிருந்தும் சுடும்போது குண்டு போகும் பாதையில் கட்டடம் குறுக்கே நிற்கக் கூடாது என்று இராணுவத்தார் அடம்பிடித்ததால் அந்தப் பக்கம் உயரத்தைக் குறைத்துக் கட்டினார்கள். இன்றைக்குச் சுவரும் இல்லை, பீரங்கியும் இல்லை, குட்டைக் கட்டடங்களில் சாப்பாட்டுக் கடைகள் நடக்கின்றன. அந்தக் கொத்தளத்தின் மிச்சத்தை இப்போதும் பார்க்கலாம், எங்கே என்று பின்னால் சொல்கிறேன்.

அந்தக் குட்டைக் கட்டடங்களுக்கு நடுவே வடக்கில் தெரிகிற வளைவு வாசல்தான் எரே வளைவு. ரோமில் இருக்கும் செப்டிமியஸ் செவெரஸ் வளைவைப் பார்த்து எழுப்பியது. இதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் போங்கள், தயவுசெய்து. அங்கே மரவரிசையோடு நீளமாக ஓடுகிற கரியேர் சதுக்கம், ஒரு காலத்தில் குதிரை வீரர்கள் ஈட்டிப் போட்டி நடத்திய திடல். அதன் கடைசியில் அரை வட்டத் தூண் வரிசையோடு ஆளுநர் மாளிகை. யுனெஸ்கோ அங்கீகாரம் ஸ்டானிஸ்லாஸ் சதுக்கத்துக்கு மட்டும் கிடைத்தது இல்லை, கரியேர், அலியான்ஸ் என்ற இன்னும் இரண்டு சதுக்கங்களையும் சேர்த்துத்தான். அலியான்ஸ் கிழக்கே நாலு எட்டு நடந்தால் வந்துவிடும், சின்னது, அமைதியானது, நடுவில் ஒரு நீரூற்று, 1756-ல் பிரான்ஸும் ஆஸ்திரியாவும் செய்துகொண்ட உடன்படிக்கையின் நினைவாகப் பெயர் வைத்தது. அங்கே சுற்றுலாக்காரர்கள் அவ்வளவாக வருவதில்லை. கரியேரைத் தாண்டிப் பழைய நகரத்துக்குள் போனால் கிராந்த் ரூ என்ற வளைந்த தெரு, அதன் முடிவில் 14-ஆம் நூற்றாண்டுக் கிராஃப் கோட்டை வாசல். இவ்வளவும் மெதுவாக நடந்தாலே ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை.

அடுத்தது கதை தெரியாமல் போவது. பலகையில் ஸ்டானிஸ்லாஸ் ராஜா என்று படித்ததும், இது ராஜா வாழ்ந்த அரண்மனை முற்றம், நகரமன்றம்தான் அரண்மனை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இல்லை. அது கட்டிய நாளிலிருந்தே நகரமன்றம். ஸ்டானிஸ்லாஸ் லெஷ்சின்ஸ்கி வசித்தது முப்பது கிலோமீட்டர் தள்ளி லூனேவில் என்ற ஊரில். அவர் இந்த ஊர்க்காரரும் இல்லை. போலந்தின் அரியணையை இழந்த அரசர். அவருடைய மகள் மரி 1725-ல் பதினைந்தாம் லூயியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டதால் பிரான்ஸ் அரசரின் மாமனார். அரியணை போன மாமனாரைச் சும்மா விட முடியுமா? போலந்து வாரிசுப் போர் முடிந்த கையோடு 1737-ல் நான்சி இருக்கிற லொரேன் நாட்டை, அதுவரை கோமகன்கள் ஆண்டதை, அவர் உயிரோடு இருக்கும்வரை என்று கொடுத்தார்கள், அவருக்குப் பிறகு அது பிரான்ஸோடு சேர வேண்டும் என்பது ஒப்பந்தம். நிர்வாகம் கிட்டத்தட்ட முழுக்கப் பாரிஸ் அனுப்பிய அதிகாரியின் கையில். மாமனாருக்கு மிஞ்சியது கட்டுவதும் அலங்கரிப்பதும்தான், அதை அவர் நன்றாகவே செய்தார். 1766-ல் தன் 88-ஆம் வயதில், கணப்பு நெருப்பு அங்கியில் பற்றி, அந்தக் காயத்தால் இறந்துபோனார். லொரேன் பிரான்ஸானது.

இது தெரிந்தால் நடுவில் நிற்கிற சிலையும் வேறு மாதிரித் தெரியும். 1755-ல் அந்த இடத்தில் நின்றது மருமகன் பதினைந்தாம் லூயியின் சிலை. சதுக்கத்தின் பெயரும் ராயல் சதுக்கம். சீக்கிரமே பிரான்ஸுக்குப் போகப்போகிற ஒரு நாட்டு மக்களுக்கு, வரப்போகிற ராஜாவைப் பழக்கப்படுத்துகிற வேலை அது என்பது என் எண்ணம். புரட்சியில் அந்தச் சிலை போயிற்று, பெயரும் ஆட்சிக்கு ஆட்சி மாறிக்கொண்டே வந்தது. ஸ்டானிஸ்லாஸ் சிலை 1831-ல்தான் வந்தது, பெயரும் அப்போது நிலைத்தது. ஆக, படத்துக்குக் கீழே "18-ஆம் நூற்றாண்டுச் சிலை" என்று எழுதிப் போடாதீர்கள். ஓபராவும் அப்படித்தான், முகப்புப் பழசு, உள்ளே இருப்பது 1919-ல் திறந்தது. எதிர்ப்பக்கம் இருந்த பழைய நாடகக் கொட்டகை 1906-ல் எரிந்துபோனதால் இங்கே மாற்றினார்கள்.

கிராதிகளுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். ழான் லமூர் என்ற இரும்புக் கொல்லர் செய்தது. நாலு மூலையிலும் இருக்கும், வடமேற்கு மூலையில் நெப்டியூன் நீரூற்றோடும் வடகிழக்கில் ஆம்பிட்ரிட் நீரூற்றோடும் சேர்ந்து நிற்பவை இன்னும் விசேஷம். எல்லாரும் தள்ளி நின்று முழுசாகப் படம் எடுக்கிறார்கள், கிட்டப் போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. இலை, சேவல், கிரீடம் என்று இரும்பை எப்படி வளைத்திருக்கிறார் என்பது கிட்டப் போனால்தான் தெரியும்.

நேரம் பார்க்காமல் போவதும் பெரிய தவறுதான். கோடையில் நண்பகலில் போகாதீர்கள். 2005-ல் 250-ஆம் ஆண்டையொட்டிப் புதுப்பித்து, கார்களை முழுக்க வெளியேற்றி, வெளிர்மஞ்சள் கல் பாவினார்கள். அழகுதான், ஆனால் 125 மீட்டர் நீளம், 106 மீட்டர் அகலம், நடுவில் ஒரு மரம் கிடையாது, வெயில் கல்லில் பட்டுக் கண்ணைக் கூசும். இன்னொன்று, நகரமன்றம் தெற்கில் இருந்துகொண்டு வடக்கைப் பார்க்கிறது. அதனால் பகல் முழுக்க அதன் முகம் நிழலில், பின்னால் வெளிச்சம். நண்பகல் படங்கள் எல்லாம் கறுத்துப்போய் வருவதற்குக் கேமராவைத் திட்டிப் பயனில்லை. காலையில் போனால் மேற்குப் பக்க அருங்காட்சியகத்தின் மேல் வெயில் விழும், மாலையில் ஓபரா மேல். ஜூன் மாதத்தில் சூரியன் ஒன்பதரைக்கு மேல்தான் மறையும், அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் எல்லாமே நன்றாக வரும்.

ராத்திரி இருந்து பார்ப்பதுதான் சரி. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை இருட்டிய பிறகு கட்டடங்களின் முகப்புகள் மேலேயே ஒளி ஒலிக் காட்சி காட்டுகிறார்கள், இலவசம், கல்லிலேயே உட்கார்ந்து பார்க்கலாம். இங்கேதான் ஒரு சிக்கல். ஜூன், ஜூலையில் இருட்டவே பத்தரை ஆகிவிடும். பாரிஸ் திரும்புகிற கடைசி டிஜிவி அதற்கு முன்பே போய்விடும். காலையில் வந்து ராத்திரிக் காட்சியும் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் ஒன்று காட்சியை விடுவார்கள், இல்லை வண்டியை விடுவார்கள். ஒரு ராத்திரி அறை போட்டுவிடுங்கள். பணம் இடிக்கிறதென்றால் இலையுதிர் காலத்தில் வாருங்கள், ஆறு ஏழு மணிக்கே விளக்கு ஏற்றிவிடுவார்கள். ஆனால் அந்தப் பருவத்தில் சதுக்கத்தின் மேல் தற்காலிகத் தோட்டம் ஒன்று போடுவார்கள், செடியும் பாதையுமாகப் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். காலியான சதுக்கத்தைப் படம் எடுக்க அப்போது வந்தால் ஏமாற்றம். டிசம்பர் தொடக்கம் செயிண்ட் நிக்கொலா விழா, லொரேனின் காவல் புனிதர் அவர். ஊர்வலம், பெரிய மரம், தாங்க முடியாத கூட்டம். கூட்டம் பிடிக்கும் என்றால் அதைவிட நல்ல நேரம் இல்லை.

டிக்கெட் எடுக்கும்போது இரண்டு விஷயம். லொரேன் டிஜிவி என்று ஒரு நிலையம் இருக்கிறது, பெயரைப் பார்த்து நான்சி நிலையம் என்று நினைத்துவிடாதீர்கள். அது நான்சிக்கும் மெட்ஸுக்கும் நடுவே வயல்காட்டில் நிற்கிறது, அங்கிருந்து பஸ் பிடித்து வர வேண்டும். ஷார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்தோ லீல் பக்கத்திலிருந்தோ வருகிறவர்களுக்கு அதுதான் அமையும், பாரிஸ் நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு நேர் வண்டி உண்டு, நான்சி என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். நாந்த் என்று ஒரு ஊர் மேற்குக் கோடியில் இருக்கிறது, அன்னசி என்று ஒன்று ஆல்ப்ஸ் பக்கம். அவசரத்தில் தட்டினால் கைப்பேசி இவற்றில் எதை வேண்டுமானாலும் காட்டும்.

கிழமை முக்கியம். நுண்கலை அருங்காட்சியகம் செவ்வாய் விடுமுறை. அதை விட்டுவிட்டால் நஷ்டம்தான், கரவாஜ்ஜியோவின் ஓவியம் ஒன்று இருக்கிறது, 1477-ல் இந்த ஊர் வாசலில் பர்கண்டியின் துணிச்சல்கார ஷார்ல் கோமகன் மாண்டுபோன போரை தெலக்ருவா வரைந்தது இருக்கிறது, கீழ்த்தளத்தில் நான்சியின் தோம் கண்ணாடிப் பட்டறையின் வேலைகள் கூட்டமாக அடுக்கியிருக்கும். அந்தக் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு நடக்கும்போது பக்கத்தில் பழைய கல் சுவர் தெரியும், முன்னால் சொன்ன கொத்தளத்தின் மிச்சம் அதுதான். பெரும்பாலானவர்கள் அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். திங்கட்கிழமை பல கடைகள் திறக்காது, ஞாயிறும் அப்படியே. சதுக்கத்துக்கு மட்டும் நேரமும் இல்லை, கட்டணமும் இல்லை.

கடைசியாகச் சாப்பாடு. சதுக்கத்து வெளி மேசைகளில் உட்காரும் இடத்துக்கும் சேர்த்துத்தான் காசு, காபிக்குத் தப்பில்லை, முழுச் சாப்பாட்டுக்குப் பழைய நகரத் தெருக்களில் நுழைவது மேல். மதியம் இரண்டு மணிக்குப் பிறகு பல அடுப்படிகள் மூடிவிடும், திரும்ப ஏழு மணிக்குத்தான். பரிசாரகரைக் கையாட்டிக் கூப்பிடாதீர்கள், முதலில் போன்ஜூர் சொல்லுங்கள், அப்புறம் மற்றது. தண்ணீர் வேண்டுமென்றால் 'காராஃப் தோ' என்று கேட்டால் சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும், வெறுமனே தண்ணீர் என்றால் புட்டி வரும், பில்லிலும் வரும்.

சைவர்களும் பன்றி சாப்பிடாதவர்களும் கவனிக்க: கீஷ் லொரேன் பார்க்க முட்டை அடை மாதிரி சாதுவாக இருக்கும், உள்ளே பன்றி இறைச்சித் துண்டுகள் போடாமல் அது கீஷ் லொரேனே ஆகாது. ஸ்டானிஸ்லாஸ் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பாபா இனிப்பு ரம்மில் ஊறியது, குழந்தைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு முழிக்க வேண்டாம். மாக்கரோன் என்று கேட்டால் பாரிஸில் கலர் கலராக அடுக்கியிருப்பது வராது. இங்கே பழுப்பாக, வெடித்த மேல்தோலோடு, பாதாமும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்ந்த தட்டை பிஸ்கெட் வரும், புரட்சிக் காலத்தில் மடத்தை விட்டு வெளியேற்றப்பட்ட இரண்டு கன்னியாஸ்திரிகள் பிழைப்புக்காகச் செய்து விற்றதாம். பழசாகிவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள், அதன் தோற்றமே அப்படித்தான். ஊருக்கு எடுத்துப்போக இதெல்லாம் தாங்காது. பெர்கமோத் மிட்டாய் வாங்குங்கள், தேன் நிறத்தில் சதுரமாக, நார்த்தங்காய்த் தோல் வாசனையோடு இருக்கும், தகர டப்பாவில் வரும், பெட்டியில் எவ்வளவு அழுத்தினாலும் உடையாது.