டெபிட் காட் எடுக்க முதல் ஒரு சின்னக் கணக்கு

காட்டின் வருடக் கட்டணத்தை, 100 ரூபாய் செலவுக்கு வெகுமதிப் புள்ளியாகத் திரும்பி வரும் காசால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். கட்டணத்தை ஈடுகட்டவே வருடத்துக்கு அவ்வளவு காட்டில் செலவழிக்க வேணும். உதாரணத்துக்கு, கட்டணம் 1,000 ரூபாய், 100 ரூபாய்க்கு 25 சதம் என்றால் 400,000 ரூபாய். மாதம் 33,000க்கு மேல்.

ஏடிஎம்மில் எடுக்கும் காசுக்குப் பொதுவாகப் புள்ளி இல்லை. அதனால் மட்டக்களப்புச் சந்தையில் காசு கொடுத்து வாங்கும் மீன், மரக்கறியை இதில் சேர்க்காதீர்கள். சூப்பர்மார்க்கட், பெற்றோல், பார்மசி என்று உண்மையில் காட் இழுக்கும் பில்களை மட்டும் கூட்டுங்கள். கடைக்காரர் காட்டுக்கு 3 வீதம் கூடக் கேட்டால் (கேட்கக் கூடாது, ஆனாலும் சிலர் கேட்கிறார்கள்) காசையே கொடுங்கள்: 1,000 ரூபாய் பில்லில் புள்ளி 2.50 ரூபாய், கூடுதல் 30 ரூபாய்.

சம்பளக் கணக்கோடு வருடக் கட்டணம் இல்லாமல் காட் கிடைத்தால் இந்தக் கணக்குத் தேவையில்லை. நீங்கள் வழமையாகப் போகும் கடையில் அந்தக் காட்டுக்கு நேரடிக் கழிவு இருந்தால், புள்ளியை விட்டுவிட்டுக் கழிவையே பாருங்கள். ஆகக்கூடிய கழிவு எவ்வளவு, எந்த நாட்களில் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.