ஜெபிக்க உட்காரும்போது

கேட்பதற்கு முன்பே நம் தேவை பிதாவுக்குத் தெரியும். மத்தேயு 6:8-ல் இயேசுவே சொல்கிறார். அப்புறம் ஜெபம் எதற்கு? அவரோடு இருப்பதற்கு. இருக்க இருக்க நம் மனம் அவர் பக்கம் திரும்புவதற்கு.

ஆகவே விண்ணப்பப் பட்டியலோடு ஆரம்பிக்காதீர்கள். அந்த வசனத்துக்கு அடுத்து இயேசு கற்றுத்தரும் பரமண்டல ஜெபத்தின் வரிசையைப் பாருங்கள்: முதலில் அவருடைய நாமம், ராஜ்யம், சித்தம்; அப்பம் அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு வரியிலும் நின்று சொந்த வார்த்தையில் பேசுங்கள். ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்ற இடத்தில், எனக்குத் தீங்கு செய்த ஆளின் பெயரையே நான் சொல்வேன். சில பெயர்கள் தொண்டையிலேயே நிற்கும். நிற்கட்டும், அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். அன்றைக்கு உங்களுக்கான ஜெபமே அதுதான்.

வார்த்தையே வராத நாளும் உண்டு. மாமியார் படுத்த படுக்கையாக இருந்தபோது, அவர் கட்டிலருகே வேதாகமத்தின் 13-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசிப்பேன். மொத்தம் 6 வசனங்கள்தான், நோயாளிக்குக் களைப்பாக இராது. ‘எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று அதில் தாவீதே கேட்கிறார். நீங்களும் கேட்கலாம், அது அவிசுவாசம் ஆகாது.

விண்ணப்பத்தையும் தயங்காமல் சொல்லுங்கள். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு, தமக்கு வரவிருந்த பாடுகளாகிய பாத்திரத்தை எடுத்துப்போடும்படி மன்றாடினார். பிறகே ‘உம்முடைய சித்தத்தின்படியே’ என்றார். முதலில் ஆசையை உள்ளபடி சொல்லி, அப்புறம் அவர் கையில் விடுங்கள்.